மஞ்சள் ரூபாய்க்கு ஒரு நற்சான்றிதழ்

ராஜபாளையம்,
7-9-1986

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்:

ராஜபாளையம் நகர எல்லைக்குள் வசிக்கும் பாஷ்யம் அவர்களின் ஏக புத்திரன் உப்பிலியின் மேலுதட்டில், வலது ஓரமாக, மீசை என்று சந்தேகிக்கத்தக்க ஒரு பொருள் நேற்று மாலை முதல் தென்பட்டு வருகிறது. பொதுமக்கள் பீதியடைய வேண்டாம். அது பேனா மை என்பது என் அம்மாவின் தரப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை என்பது என் தரப்பு. விசாரணை நடக்கிறது.

அன்புள்ள சமுத்திரம்,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது மரபு. ஆனால் பால்கோவா கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுடைய நலத்தை விசாரிப்பது வெட்டி வேலை என்பதால் விட்டுவிட்டேன்.

பத்தாம் வகுப்பு வரை நீ சேத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி என் பக்கத்தில் உட்காருவாய். இப்போது உன் இடத்தில் அழகியமணவாளன் உட்காருகிறான். அவன் பேசுவதில்லை, சிரிப்பதில்லை, கணக்கை மறைத்து வைத்துக்கொண்டு போடுகிறான். பெஞ்சுக்குக்கூட அவனைப் பிடிக்கவில்லை, ஆடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினால் அரை மணி நேரம். வந்து பார்க்கத் தடை இருக்கிறது. சேத்தூர் பஸ் இன்று மார்க்கெட் பக்கம் நிற்கும் என்று பஸ் ஸ்டாண்டில் நான் பொதுநல நோக்கில் அறிவித்ததை நம்பி ஒரு கூட்டமே ஓடியது உனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் மில் மேனேஜரும் ஓடினார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. முழுப் பரீட்சை முடியும்வரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் நிழல்கூட விழக் கூடாது என்று உத்தரவு. உன் மாமாவோ வியாபார நேரத்தில் கூட்டாளிகள் வரக் கூடாது என்கிறார். வியாபாரம் இல்லாத நேரம் அவருக்குக் கிடையாது. ஆகவே இன்லண்ட் லெட்டரே துணை.

முக்கியச் செய்திக்கு வருகிறேன். பள்ளி அறிவியல் கண்காட்சியில் எனக்கு இரண்டாம் பரிசு. தலைப்பு: 'புழக்கத்தில் உள்ள முலாம் பூசிய நாணயங்களைக் கண்டறிதல்.' கண்டக்டர் கொடுத்த மீதியில் ஒன்று, பூக்காரம்மாவிடம் ஒன்று, அய்யனார் கோவில் போன அன்று சுண்டல்காரரிடம் ஒன்று என்று நான் கண்டுபிடித்த செம்பு முலாம் நாலணாக்களையும் எட்டணாக்களையும் பஞ்சு மேல் அடுக்கி வைத்தேன். பிசிக்ஸ் ஞானதுரை சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, இந்த ஊர்ல இம்புட்டு முலாம் காசு சுத்துதா? நானும் இருபது வருஷமா சில்லறை வாங்குதேன், என் கண்ணுல ஒண்ணும் படலியே" என்றார். "பார்வை வேணும் சார்" என்றேன். பேனா பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு அழகியமணவாளனின் எரிமலைக்கு. அது புகைந்ததோடு சரி.

இப்போது என் கண்ணுக்கு எந்த முலாமும் தப்பாது. பார்ப்பேன், தட்டுவேன், காதில் வைத்துக் கேட்பேன், தீர்ந்தது. முலாம்பழம் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே, அதில் நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

புரட்டாசி வருகிறது. உங்கள் ஊர்ப் பெருமாள் மலையான திருவண்ணாமலை ஏறி இறங்குகிற கூட்டம் முழுக்க உங்கள் கடைக்குத்தான் வரும். கல்லாவில் நிறம் மாறிய காசு எது வந்தாலும் நிபுணருக்கு எழுது. உன் மாமாவின் தொந்தி கல்லா மேல் ஏறி உட்கார்ந்து மறைக்காத நேரமாகப் பார்த்துக் கவனி.

நீ சமுத்திரம், உன்னிடம் எவ்வளவோ உப்பு இருக்கிறது. எனக்குப் பெயரிலேயே இல்லை.

இப்படிக்கு,
சப்பென்ற
உப்பிலி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
22-9-1986

அன்புள்ள உப்பிலிக்கு சமுத்திரம் எழுதுவது.

உன் கடிதம் வந்து நாளாயிற்று. எழுத நேரமில்லை. காலையில் கடை திறந்தால் ராத்திரி அடுப்பு அணையும் வரை உட்கார இடமிருக்கிறது, பேச இடமில்லை. மாமா நல்லவர்தான். "ஏலே, கல்லாவப் பாரு, ரோட்டப் பாக்காத" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. ஒரு வருஷம் கல்லா ஒழுங்காக இருந்தால் வருகிற ஜூனில் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடுவதாக என் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் ரோட்டைப் பார்ப்பதில்லை.

முந்தாநாள் முதல் சனிக்கிழமை. நீ சொன்ன மாதிரியே மலை இறங்கிய கூட்டம் அத்தனையும் கடை வாசலில். ராத்திரி சில்லறை பிரிக்கும்போது ஒரு ரூபாய்க் காசு கையில் வித்தியாசமாகப் பட்டது. அது மஞ்சளாக இருந்தது. அழுக்கு மஞ்சள் இல்லை, கோவில் கலசம் வெயிலில் நிற்குமே, அந்த மாதிரி. வருஷம் 1985 என்று போட்டிருக்கிறது. மற்றபடி நம் ரூபாய்தான். சிங்கத்தின் மூக்கிலும், ஒன்று என்ற எண்ணின் மேல் பக்கத்திலும் மட்டும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிகிறது.

என் டீக்காசில் ஒரு ரூபாயைக் கல்லாவில் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். கல்லாவுக்குக் குறைவில்லை. மாமாவிடம் சொல்லவில்லை. சூடம் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

நீ நிபுணர் என்று எழுதியிருக்கிறாய். விளையாட்டு இல்லாமல் சொல். இது முலாமா, தங்கமா? தங்கம் என்றால் யார் கையையும் எதிர்பார்க்காமல் நானே பாலிடெக்னிக் சேர்ந்துவிடுவேன். அதனால் கேட்கிறேன்.

உன் மீசை எப்படி இருக்கிறது?

சமுத்திரம்


ராஜபாளையம்,
24-9-1986

அன்புள்ள சமுத்திரம்,

மீசை வழக்கில் அம்மா ஜெயித்துவிட்டாள். தேங்காய் எண்ணெய்க்குப் போய்விட்டது. மேல்முறையீடு செய்ய உத்தேசம்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முலாமாக இருந்தால் சிலிர்த்திருக்காது.

சிங்கத்தின் மூக்கு வெள்ளை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் விஷயமே. நாணயச் சாலையில் பெரிய அதிகாரிகளுக்காக எப்போதாவது சில காசுகளை அசல் தங்கத்தில் அடிப்பார்கள். சாதாரணக் காசோடு கலந்துவிடாமலிருக்க மூக்கு நுனியில் வெள்ளி வைத்து அடையாளம் செய்வார்கள். யாரோ ஓர் அதிகாரி வீட்டுப் பிள்ளை தெரியாமல் எடுத்து வந்து உங்கள் கடையில் பால்கோவா வாங்கித் தின்றுவிட்டது. பிள்ளை வாழ்க.

ஆனாலும் நிபுணர் அவசரப்பட மாட்டார். ஒரு சோதனை சொல்கிறேன், புத்தகத்தில் உள்ளது. ஒரே அளவில் இரண்டு காசு இருந்தால், தங்கக் காசு மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். கடையில்தான் தராசு இருக்கிறதே? ஒரு தட்டில் மஞ்சள் ரூபாய், எதிர்த் தட்டில் சாதாரண ரூபாய். மஞ்சள் கீழே போனால் தங்கம், சமமாக நின்றால் முலாம். உன் மாமா தூங்கும்போது செய். அவர் குறட்டைக் காற்றில் தட்டு ஆடாமல் கொஞ்சம் தள்ளி நின்று செய்.

சிலிர்ப்புடன்,
உப்பிலி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
29-9-1986

அன்புள்ள உப்பிலிக்கு,

தங்கம்தான்.

நேற்று அம்மா சேத்தூரிலிருந்து வந்திருந்தது. மாமா மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில் அம்மாவை வைத்துக்கொண்டே நிறுத்தேன். தராசுத் தட்டு இரண்டும் பலகையில் கிடந்தன. பால்கோவா போடுகிற தட்டில் சாதாரண ரூபாயையும், எடைக்கல் போடுகிற தட்டில் மஞ்சள் ரூபாயையும் வைத்துத் தூக்கினேன். சாதாரண ரூபாய் ஏறி வந்தது. மஞ்சள் பலகையை விட்டு எழும்பவே இல்லை. மூன்று தடவை தூக்கினேன்.

அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஏ அய்யா, நெசமாவா? இம்புட்டுக் காசுக்குள்ள எம்புட்டுக் கனம்!" என்றது. பிறகு, "யாருகிட்டயும் வாயத் தொறந்துராத. அந்த அய்யர் வீட்டுப் பையன் படிச்சவன்லா, அவங்கிட்ட ஒரு தாள்ல எழுதி வாங்கி வச்சுக்க. நாளைக்கு விக்கப் போனா, எங்கிட்டு எடுத்தன்னு கேப்பாவ" என்றது.

அதனால் ஒரு தாளில் எழுதி அனுப்பு. விளையாட்டு வேண்டாம். பெரியவர்கள் எழுதுகிற மாதிரி எழுது.

சமுத்திரம்


ராஜபாளையம்,
1-10-1986

அன்புள்ள சமுத்திரம்,

அய்யர் வீடு இல்லை, அய்யங்கார் வீடு. உன் அம்மாவிடம் சொல், நாமம் கோபித்துக்கொள்ளும்.

தராசே சொல்லிவிட்டது, நான் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும் கேட்டபடி கீழே எழுதியிருக்கிறேன். கத்தரித்து வைத்துக்கொள். இதற்காக அப்பாவின் மில் மையில் எழுதினேன், சாதா மை இல்லை.

நற்சான்றிதழ்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்டெடுக்கப்பட்ட 1985ஆம் வருடத்திய ஒரு ரூபாய் நாணயத்தை நான் நேரில் கண்டு, கையில் எடுத்து, உரசி, ஒலி கேட்டு, எல்லாவிதப் பரிசோதனைகளுக்கும் உட்படுத்தியதில், அது அசல் தங்கம் என்றும், முலாம் அன்று என்றும் உறுதி கூறுகிறேன்.

பா. உப்பிலி,
முலாம் நாணய ஆய்வில் பரிசு பெற்றவர்.
(முத்திரை)

முத்திரை எப்படி? ஊரில் இது மாதிரி இன்னொன்று கிடையாது. தங்கம் விற்ற பிறகு எனக்கு ஒரு சைக்கிள் பெல் வாங்கித் தந்தால் போதும். சைக்கிளை நானே தேடிக்கொள்கிறேன்.

உப்பிலி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
10-10-1986

உப்பிலி,

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி.

அம்மாவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கூடப் பிறந்த தம்பியிடம் மறைப்பது பாவம் என்று தோன்றிவிட்டது போல. போன ஞாயிற்றுக்கிழமை வந்து, "எம் மவனுக்கு ஒன் கடைல தங்கக்காசு கெடச்சிருக்குடா, ஒனக்கும் பாதி" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டது. உன் தாளையும் எடுத்து நீட்டியது.

மாமா காசை வாங்கிக்கொண்டு ஆசாரி கடைக்குப் போனார். ஆசாரி கல்லில் உரசி, திராவகம் விட்டுப் பார்த்துவிட்டு, மேல்பூச்சு மட்டும்தான் தங்கம், உள்ளே வெறும் ரூபாய் என்று சொல்லிவிட்டார். யாரோ வேண்டுதலுக்காக முலாம் பூசி வைத்திருந்தது கை மாறி வந்திருக்கும் என்றாராம்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மாமா கடைக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தங்கக்காசு எங்கலே?"

"அதுதான் மாமா இது."

"இது முலாம். தராசுல கீழ போச்சுன்னு ஒங்க ஆத்தா சத்தியம் பண்ணுதா. அந்தக் காசு எங்க?"

அப்போதுதான் தராசைத் திரும்பிப் பார்த்தேன். எடைக்கல் போடுகிற தட்டின் அடியில் ஓர் உருண்டை அரக்கு ஒட்டியிருக்கும். எதிர்த் தட்டில் பால்கோவாவுக்கு அடியில் போடுகிற இலைக்கும் தாளுக்கும் அது ஈடு. இலையின் எடையை வாடிக்கைக்காரர் தலையில் கட்டக் கூடாது என்று மாமா ஒட்டி வைத்தது. தினமும் இலை போட்டுத்தான் நிறுக்கிறேன், தராசு சரியாக நிற்கும். அன்றைக்கு இலை இல்லாமல் காசை மட்டும் வைத்தேன். அரக்கு இருக்கிற பக்கம் கீழே போய்விட்டது. காசு போகவில்லை.

மாமா முன்னாலேயே காசுகளைத் தட்டு மாற்றி வைத்துக் காட்டினேன். இப்போது சாதாரண ரூபாய் கீழே போனது. இலையைப் போட்டுக் காட்டினேன். இரண்டும் சமமாக நின்றன. மாமா தலையை ஆட்டினார்.

"சரி, தராசுக் கதைய ஒத்துக்கிடுதேன். அரக்கு ஒட்டுனவனே நாந்தான். இந்தத் தாளுக்கு என்ன சொல்லுத?"

உன் தாளைப் படித்தார். நேரில் கண்டு, கையில் எடுத்து, உரசி.

"பரிசு வாங்குன பையன் சீல் வச்சு எழுதியிருக்கான். நேர்ல பாக்காம ஒருத்தன் இப்படி எழுதுவானாலே? போன வாரம் கடைக்குத் தாள் கட்டு வாங்கிட்டு வான்னு ஒன்ன ராஜபாளையம் அனுப்புனேம்லா. அன்னைக்குக் கொண்டு போயிக் காட்டியிருக்க. அங்கனயே வித்துட்டு, பதிலுக்கு முலாம் ஒண்ணப் பூசிக் கொண்டாந்துட்ட. என் கல்லாவுல வந்த பொருள். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். களவு மட்டும் ஆவாதுலே."

தீபாவளி வரைக்கும் பொறுத்துப் பார்ப்பாராம். பிறகு சேத்தூர் பஸ் ஏற்றிவிடுவாராம். பாலிடெக்னிக் பற்றி இனி யாரும் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா கடை வாசலிலேயே அழுதுவிட்டுப் போனது.

நான் அன்று ராஜபாளையம் வந்து கடைவீதியில் தாள் கட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். உன்னைப் பார்க்கவில்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உன் மற்றக் கடிதங்களைக் காட்டலாமென்றால், அதில் அவருடைய தொந்தியும் குறட்டையும் இருக்கின்றன.

நீ அந்தக் காசைப் பார்க்கவே இல்லை என்று மாமாவுக்கு எழுது. அது போதும்.

சமுத்திரம்


ராஜபாளையம்,
14-10-1986

அன்புள்ள சமுத்திரம்,

அரக்கு விஷயம் அற்புதம். இலைக்கே ஈடு வைக்கிற கடையில் உனக்கு ஈடு இல்லையா என்ன? உன் மாமா கோபம் பால் மாதிரி, பொங்கும், அடங்கும், அப்புறம் இனிக்கும். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

எழுதக் கூடாது என்றில்லை. இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. ஞானதுரை சார் என் நாணயங்களை விருதுநகரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பப் பெயர் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம். இந்த நேரத்தில், பார்க்காமலே நற்சான்றிதழ் கொடுக்கிறவன் நான் என்று என் கைப்பட ஒரு கடிதம் ஊர்விட்டு ஊர் போய், அது சார் காதுக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

வேறு வழி சொல்கிறேன். ஆசாரி உரசிய கல் சரியில்லை என்று சொல்லிப் பார். அல்லது காசு இரவோடிரவாக நிறம் மாறிவிட்டது, புரட்டாசி மகிமை என்று சொல். பெருமாள் விஷயம் என்றால் உன் மாமா மறுபேச்சுப் பேச மாட்டார். சிரிக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உனக்குச் சிரிப்பு வராது, அது உன் பலம்.

உப்பிலி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
17-10-1986

உப்பிலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை. சிரிப்பு வரவில்லை.

இன்றைக்குக் கல்லாவில் மாமாவே உட்கார்ந்தார். என்னை உள்ளே அடுப்புப் பக்கம் போகச் சொல்லிவிட்டார். பால் கிண்டுகிறேன். வேலை கஷ்டமில்லை. கடைக்கு வருகிறவர்கள், "எங்க அண்ணாச்சி, கல்லாவுல இருந்த பையனக் காங்கல?" என்று கேட்பது உள்ளே கேட்கிறது. "இருக்கான்" என்கிறார் மாமா.

நேற்று நானே கேட்டேன், "அவன் எழுதி அனுப்புனா நம்புவியளா மாமா?" "எழுதட்டும், பாப்போம்" என்றார்.

எழுதுவதானால் மாமா பெயருக்கு எழுது. எனக்கு இனி எழுத வேண்டாம்.

சமுத்திரம்


ராஜபாளையம்,
21-10-1986

மரியாதைக்குரிய தவசிமுத்து அண்ணாச்சி அவர்களுக்கு,

ராஜபாளையத்திலிருந்து பா. உப்பிலி எழுதிக்கொள்வது. நான் உங்கள் மருமகன் சமுத்திரத்தோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன். உங்களிடம் இருக்கும் தாளை எழுதியவன் நான்தான்.

அந்த மஞ்சள் ரூபாயை நான் பார்த்ததில்லை. இதுவரைக்கும் பார்க்கவில்லை. நேரில் கண்டு என்று எழுதியதும், உரசி என்று எழுதியதும், ஒலி கேட்டு என்று எழுதியதும் எழுத நன்றாக இருந்ததால் எழுதியவை. சமுத்திரம் ராஜபாளையம் வந்த நாளில் என்னைப் பார்க்க வரவில்லை. வந்தான் என்பதே அவன் எழுதித்தான் எனக்குத் தெரியும். கீழே இருக்கும் முத்திரை கலர் பாட்டில் மூடியை மையில் தோய்த்து அழுத்தியது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரம் முழுக்கப் பல் பல்லாக இருப்பது தெரியும்.

பரிசு வாங்கியவன் பொய் எழுதுவானா என்று நீங்கள் கேட்டதாக அறிந்தேன். அந்தப் பரிசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்டக்டரிடம் கிடைத்தது, பூக்காரம்மாவிடம் கிடைத்தது என்று நான் கண்காட்சியில் வைத்த காசுகள் எதுவும் யாரிடமும் கிடைத்தவை அல்ல. உரக்கடையில் மயில்துத்தம் வாங்கி, கண்ணாடி டம்ளரில் தண்ணீரில் கரைத்து, டார்ச் பேட்டரியும் செம்புக் கம்பியும் வைத்து எங்கள் வீட்டுக் குளியலறையில் நானே பூசியவை. ஊரில் புழங்குகிற காசில் ஒரு முலாம் காசைக்கூட நான் கண்டுபிடித்ததில்லை. ஞானதுரை சார் தன் கண்ணில் படவில்லையே என்றார். பட வாய்ப்பே இல்லை. நேற்று அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "போலே" என்றார். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். விருதுநகருக்கு அழகியமணவாளனின் எரிமலை போகிறது.

சிங்கத்தின் மூக்கு வெள்ளையாக இருக்கிறது என்று சமுத்திரம் முதல் கடிதத்திலேயே எனக்கு எழுதியிருந்தான். முலாம் பூசிய காசு கை மாறும்போது மேடான இடங்களில்தான் முதலில் தேயும், மூக்கு, எண், எழுத்து இவற்றில் உள்ளே இருக்கிற உலோகம் தெரியும் என்று நான் படித்த புத்தகத்தில் இருக்கிறது. அந்த வரிக்கு நானே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ஆக, அவன் தன் கையாலேயே அது முலாம் என்று எனக்கு எழுதிவிட்டான். நான்தான் வெள்ளி வைத்து அடித்தது என்று கதை கட்டினேன். என் கூட்டாளி கல்லாவில் தங்கம் கிடைத்தது, அதைச் சொன்னவன் நான் என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதை வைத்து அவன் படிக்கப் போவதாக எழுதியிருந்தான். அதைப் படித்த பிறகும் நிறுத்தவில்லை.

அவன் ஆசைப்பட்டது உண்மை. உங்களிடம் சொல்லாமல் எடுத்து வைத்ததும் உண்மை. தன் ரூபாயைப் போட்டுவிட்டு எடுத்தான். வேறு காசு கிடையாது. ஆசாரி பார்த்ததுதான் அவனுக்குக் கிடைத்த காசு.

உங்கள் தொந்தியையும் குறட்டையையும் பற்றிச் சில வரிகள் அவனுக்கு எழுதியிருக்கிறேன். உங்கள் மனம் நோகும் என்று அவன் அந்தக் கடிதங்களை உங்களிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் காசைப் பார்க்கவில்லை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது கேட்டு வாங்கிப் படியுங்கள். திட்ட வேண்டியது என்னை.

இத்தனை பொய் எழுதியவன் இதையும் பொய்யாக எழுத மாட்டான் என்பதற்கு என்ன சாட்சி என்று நீங்கள் கேட்கலாம். நானே கேட்டுப் பார்த்தேன். சாட்சி இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இதை வெளியில் சொல்ல வேண்டாம்.

இந்தக் கடிதத்தை எழுதுமுன் ஒருமுறையாவது ஒரு சோதனையை ஒழுங்காகச் செய்து பார்ப்போம் என்று அம்மாவிடம் கழுத்துச் சங்கிலியைக் கேட்டேன். அசல் தங்கம் கையில் எப்படிக் கனக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். "எதுக்குடா?" என்றாள். சொன்னேன். சிரித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள்.

"இதுல என்னத்தப் பாக்கப் போறே? கவரிங்டா இது. நெஜச் சங்கிலி உங்க அக்கா மரகதம் கல்யாணத்துக்கே போயாச்சு. அப்பாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியும்னுதான் நெனச்சிண்டிருந்தேன், நீதான் பெரிய எக்ஸ்பர்ட்டாச்சே."

கொக்கிக்குப் பக்கத்தில் செம்பு தெரிந்தது. நாலு வருஷமாக அந்தச் சங்கிலிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு வேளையும் சாப்பிட்டிருக்கிறேன். தங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பணிவுடன்,
பா. உப்பிலி